கிழிந்த பக்கம் கீழே

எங்கள் வீட்டுக்காரர் எதையும் கோணலாக மாட்ட மாட்டார். ஒரு காலண்டரை ஆணியில் மாட்டினால்கூட நாலடி பின்னால் போய், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, திரும்பி வந்து ஒரு மயிரிழை நகர்த்திவிட்டால்தான் அவருக்கு மூச்சு சீராகும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல் வைத்திருப்பார். நுனியில் இரும்பு நட்டு ஒன்று கட்டியிருக்கும். அதைத் தொங்கவிட்டுத்தான் நேர் பார்ப்பார். துவைக்கும்போது அந்த நட்டு எத்தனை தடவை என் விரலைப் பதம் பார்த்திருக்கும் என்று சொல்லி முடியாது.

இந்தப் பழக்கம் அவருக்கு வந்தது படக்கடையில். இளவயதில், படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிக்கிற கடையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். அடிபட்ட பக்கத்தில் பாரம் ஏற்றக் கூடாது என்பது அந்தக் கடை முதலாளியின் கண்டிப்பு. படத்தை உள்ளே வைப்பதற்கு முன் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் விட்ட ஓரம் எதுவோ அதைக் கீழே வைத்துக்கொண்டு, நல்ல ஓரத்தில் கொக்கி அடிக்க வேண்டும். எங்களவருக்கு அது கையில் ஊறிப் போனது.

கடையை மூடின பிறகு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. மணி அடிப்பது, கதவு திறப்பது, தண்ணீர் நிரப்புவது, பெஞ்சு தூக்கிப் போடுவது, மேப்பு மாட்டுவது எல்லாம் அவர்தான். வருஷா வருஷம் ஆர்டர் புதுப்பிக்க வேண்டிய வேலை. அப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. பிள்ளைகள் 'பெல் மாமா' என்று கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் என்னிடம் ஒப்பிப்பார். அதனால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை நான் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

அதில் ஒருத்தி பராக்கு. நாலாம் வகுப்பு பி பிரிவு. போர்டைப் பார்க்கச் சொன்னால் எங்கேயோ பார்க்கிறாள் என்று வகுப்பே வைத்த பேர். ஒவ்வொரு நாளும் மணிக்கம்பத்துக்குக் கீழே வந்து நின்றுகொண்டு, "மாமா, மணி என்ன?" என்று கேட்பாளாம். எதிர்ச் சுவரில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கடிகாரம் தொங்குகிறது. அதையும் இவர்தான் நூல் பிடித்து மாட்டியிருக்கிறார்.

"அவளுக்கு என்கூடப் பேசறதுல ஒரு ஆசை. அதான் வந்து கேக்கறா" என்பார்.

அவள் அம்மா எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். என் ரவிக்கையெல்லாம் அவள் கையில்தான். நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் கொஞ்சம் கத்தரி. ஒருநாள் அளவு கொடுக்கப் போயிருந்தபோது, வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பிய கதையைச் சொல்லிப் பொங்கினாள்.

"பக்கத்துப் புள்ள நோட்டைப் பார்த்துத்தான் எழுதறாளாம்க்கா. போர்டுல இருக்கறதை எழுதச் சொன்னா முழிக்கிறாளாம். இந்த வருஷத்தோட நிறுத்திடப் போறேன். வீட்டுல இருந்து சின்னதுகளையாவது பார்த்துக்கட்டும். நான் ரெண்டு துணி கூடத் தைப்பேன்."

"அவசரப்படாதேம்மா. ஒன்பது வயசுதானே."

"டீச்சரும் அதேதான் சொன்னாங்க. அடுத்த வாரம் கண்ணு டெஸ்ட் பண்ண வர்றாங்களாம். அதையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்கன்னாங்க. பார்ப்போம்."

நான் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்காக இரண்டு நிமிஷம் கண்ணை மூடி ஆண்டவனிடம் கேட்டேன். கண் பரீட்சை நாளில் என் வீட்டுக்காரர் கையே குறுக்கே வரப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இந்தத் தடவை மூன்று வகுப்புகளுக்கு மட்டும்தான் பார்க்கிறதாக ஏற்பாடு. சின்ன வயசு, சுறுசுறுப்பு. ஒரு அட்டையைச் சுவரில் மாட்டினார்கள். அதில் வேறு எழுத்து எதுவும் கிடையாது. இங்கிலீஷ் 'ஈ' மட்டும் ஒரே வரிசையில் ஐந்து. பார்த்தால் மூன்று பல் உள்ள சீப்பு மாதிரி இருக்கும். ஒவ்வொரு சீப்பும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். இருபதடி தள்ளிப் பிள்ளையை நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்பார்கள். எங்களவர் அட்டைக்குப் பக்கத்தில் நின்று குச்சியால் ஒவ்வொன்றாய்க் காட்ட வேண்டும். அந்தப் பெண் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பதில் கேட்டுப் பேரேட்டில் குறிப்பாள்.

பிள்ளைகளை வரிசையாக அதே அறைக்குள்ளேயே நிற்க வைத்துவிட்டார்கள். வெளியே வெயில் என்று பாவம் பார்த்தது. முன்னால் நிற்பவன் சொல்வது பின்னால் நிற்பவன் காதில் விழுகிறது. மேல, வலது, வலது, கீழ, இடது. மேல, வலது, வலது, கீழ, இடது. காலையிலிருந்து இதே பாட்டு. நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லித்தர வேண்டுமா? மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. கண்ணாடி போட்டால் 'சோடாப்புட்டி' என்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். பரீட்சை என்றாலே பாஸாக வேண்டும் என்ற வெறி ஒரு பக்கம்.

சாப்பாட்டு வேளையில் காற்றடித்து அட்டை கீழே விழுந்தது. கயிறு மாட்டியிருந்த மேல் ஓரம் கிழிந்துவிட்டது. எங்களவர் எடுத்துப் பார்த்தார். ஐந்து சீப்பு, இப்படிப் பார்த்தாலும் சீப்பு, அப்படிப் பார்த்தாலும் சீப்பு. கை தானாகப் படக்கடைக்குப் போய்விட்டது. கிழிந்த ஓரத்தைக் கீழே விட்டு, நல்ல ஓரத்தில் அளந்து இரண்டு ஓட்டை போட்டு, புதுக் கயிறு கோத்து, நூல் தொங்கவிட்டுப் பார்த்து, அப்படியொரு நேராக மாட்டினார். மாட்டிவிட்டு நாலடி பின்னால் போய் நின்று ரசித்தும் பார்த்தாராம்.

அதற்குப் பிறகு மிச்சம் இருந்தது நாலாம் வகுப்பு பி பிரிவு மட்டும். இருபத்து நாலு பிள்ளைகள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டிக்கொண்டு சொன்னார். "அந்த வகுப்புல மட்டும் பதினோரு புள்ளைங்களுக்குப் பார்வை சரியில்லையாம். மத்த ரெண்டு வகுப்புலயும் ஒண்ணு, ரெண்டு."

"அடக் கடவுளே! ஏனாம்?"

"அந்த ரூம் இருட்டுன்னு பெரிய டீச்சர் சொல்றாங்க. போனு பார்த்துப் பார்த்துக் கெட்டுப் போச்சுன்னு வகுப்பு டீச்சர் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை வேன் வருது. அந்தப் பதினோரு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ப் பெரிய மிஷின்ல பார்த்துக் கண்ணாடி கொடுப்பாங்க."

"பராக்கு இருக்காளா அதுல?"

"இல்லை. அவளுக்குக் கண்ணு பிரமாதம். ரெண்டு கண்ணுலயும் கடகடன்னு சொன்னா."

என் மனசு சப்பென்று ஆகிவிட்டது. மறுநாள் காலையிலேயே தையல்காரி என்னை வழிமறித்தாள். கையில் ஒரு சீட்டு. 'பார்வை நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது.

"பார்த்தீங்களாக்கா? கண்ணுல ஒரு குறையும் இல்லையாம். அப்போ குறை மண்டையிலதான். இனிமே யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். பரீட்சை முடிஞ்சதும் நிறுத்திடறேன்."

அதே செவ்வாய்க்கிழமை இடைவேளையில் பள்ளிக்கூடத்தில் ஒரு சண்டை. பெண் பிள்ளைகள் சீப்பு வரிசையை வைத்துக் கைதட்டு விளையாட்டு ஒன்று உண்டாக்கியிருந்தார்கள். தலைக்கு மேல ஒரு தட்டு, வலது பக்கம் ரெண்டு, கீழ ஒண்ணு, இடது ஒண்ணு. இதில் பராக்குதான் ராணி. அப்போது அவர்கள் வகுப்பிலேயே படிக்கும் ஒருத்தி குறுக்கே பாய்ந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுகிறவள், பட்டப்பெயரும் வக்கீல்.

"தப்பு! தப்பு! வலது, மேல, இடது, இடது, கீழ. இதான் கரெக்டு!"

"போடி! உனக்குத்தான் கண்ணு தெரியலைன்னு எழுதிட்டாங்களே!"

"எனக்கா கண்ணு தெரியாது? பஸ் நம்பரைத் தூரத்துலயே படிச்சு எங்க அப்பாவுக்கே நான்தான் சொல்றேன். அட்டையில நான் பார்த்தேன். நீ பார்த்தியா?"

"நான் எதுக்குப் பார்க்கணும்? எனக்குத்தான் தெரியுமே!" என்றாளாம் பராக்கு.

பெல் மாமா தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேரும் கையைப் பிடித்து இழுத்தார்கள். இவர் சிரித்துக்கொண்டே பஞ்சாயத்துக்குப் போனவர், வக்கீல் பக்கத்திலிருந்து இன்னும் நாலு பிள்ளைகள் வந்து, "ஆமா மாமா, எங்களுக்கும் முதல்ல வலதுதான் இருந்துச்சு" என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த நாலு பேரும் பட்டியலில் இருப்பவர்கள்.

சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், பழைய அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, அடுப்புக்கரியால் ஐந்து சீப்பு வரைந்தார். சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, "இந்தா, இங்க வா. இதைப் படி" என்றார்.

"அஞ்சாங்கிளாஸோட நின்னவளுக்கு இப்போ எழுத்துப் பரீட்சையா?"

"விளையாடாதே. பல்லு எந்தப் பக்கம்னு சொல்லு."

"மேல. வலது. வலது. கீழ. இடது. பாஸா?"

அட்டையைத் தலைகீழாகத் திருப்பினார். "இப்போ சொல்லு."

"வலது. மேல. இடது. இடது. கீழ."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே மெதுவாக எடுத்துச் சொன்னார்.

"நான்தான் தலைகீழா மாட்டிட்டேன். கண்ணு நல்லா இருந்து, பார்த்ததைச் சொன்ன புள்ளைங்க எல்லாம் ஃபெயிலு. பார்க்காம மனப்பாடம் ஒப்பிச்சது எல்லாம் பாஸு. அந்தப் பொண்ணுக்கும் வரிசை மனப்பாடம். தலையைத் தூக்காமலே டிக் போட்டுட்டா."

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில தெரிஞ்சிடுமே. பதினோரு பேருக்கும் கண்ணு நல்லா இருக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"போறவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லைடி. வேன்ல ஒரு சவாரி. போகாதவங்க? பார்வை நன்றுன்னு சீட்டு வாங்கிட்டு வீட்டுல இருக்கே, அது?" பிறகு, "அவ என்கூடப் பேச வரலைடி. அவளுக்குக் கடிகாரம் தெரியலை" என்றார்.

அன்று அவர் சாப்பிட்டது பேருக்குத்தான். நான் ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக வாசலிலேயே நின்று ஒரு கும்பிடு போட்டுப் போகிறவர்.

புதன்கிழமை காலை முதல் மணி அடித்த கையோடு பெரிய டீச்சரிடம் போனார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஐந்நூறு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவர்கள். கேட்டதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்களாம்.

"பட்டியல் கையெழுத்தாகி மேல போயாச்சுங்க. இப்போ போய்த் தப்புன்னு சொன்னா, மூணு வகுப்புக்கும் சேர்த்துக் கேள்வி வரும். அடுத்த வருஷம் திரும்ப வருவாங்க, அப்போ பார்த்துக்கலாம்."

"அடுத்த வருஷம் அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துலயே இருக்காதுங்க டீச்சர்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"எனக்கு மத்தியானம் அரை நாள் லீவு கொடுங்க. சொந்த வேலை."

கரி அட்டையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். சாயங்காலம் நாலு மணி வரை வராந்தாவில் காத்துக் கிடந்து அந்தப் பெண்ணைப் பிடித்தார். அவளும் அன்றைக்கு வேறொரு பள்ளிக்கூடம் போய்க் களைத்து வந்திருந்தாள்.

"என்ன பெரியவரே, பதினோரு பேர்னு எழுதினது அதிகம்னு சண்டை போட வந்தீங்களா?"

"சண்டை இல்லைம்மா. தப்பு பண்ணிட்டேன், அதைச் சொல்ல வந்தேன். உங்க அட்டையைக் கொஞ்சம் எடுங்க."

பையிலிருந்து அட்டையை எடுத்தாள். இவர் போட்ட இரண்டு ஓட்டைகளும் ஒரு ஓரத்தில். எதிர் ஓரத்தில் கிழிசல்.

"கயிறு இருக்கற பக்கம் மேல வர்ற மாதிரி பிடிங்க. இப்போ படிங்க."

"மேல, வலது, வலது..." என்று அட்டையைப் பார்க்காமலே ஆரம்பித்தாள்.

"பார்த்துப் படிங்கம்மா."

பார்த்தாள். அட்டையைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் பார்த்தாள். "முதல் பதில் தப்புன்னதுமே கோடு போட்டுட்டு அடுத்த புள்ளையக் கூப்பிட்டுட்டேன்" என்றாள் மெதுவாக. "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. இன்னைக்குப் போன பள்ளிக்கூடத்துல இந்த அட்டையை எப்படி மாட்டினாங்களோ? எனக்கு ஞாபகமே இல்லையே!"

இவர் அவளைத் திட்டப் போகவில்லை. "அந்தப் பள்ளிக்கூடத்தை நீங்க பாருங்கம்மா. என் இருபத்து நாலு பேரை மறுபடி பார்க்கணும். நாளைக்கே. வேன் நாளன்னைக்கு வருது."

"நாளைக்கு எட்டரைக்கு நான் வேற இடத்துல இருக்கணும்."

"ஏழுக்கு வாங்க. புள்ளைங்க நிக்கும்."

"உங்க பெரிய டீச்சர் ஒத்துக்கணுமே."

"ஒத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். எந்தத் தைரியத்தில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

நேராகப் பெரிய டீச்சர் வீட்டுக்குப் போனார். வழியில் என்னையும் கூட்டிக்கொண்டார். பொம்பளை ஒருத்தி கூட இருந்தால் கதவைச் சாத்த மாட்டார்கள் என்று கணக்கு. டீச்சர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து முழுக்கக் கேட்டார்கள். பிறகு சொன்னார்கள்.

"நான் மேல என்னன்னு எழுதறது? எங்க பள்ளிக்கூடத்துல டெஸ்டு தப்பா நடந்துச்சுன்னா?"

"பள்ளிக்கூடம் வேண்டாம் டீச்சர். என் பேர்ல எழுதுங்க. பெல் அடிக்கிற ஆளு அட்டையைத் தலைகீழா மாட்டிட்டான்னு எழுதுங்க. நான் கீழ கையெழுத்துப் போடறேன்."

"மெமோ வரும்யா. உங்க ஆர்டர் புதுப்பிக்கிற நேரம் இது. தெரியுமில்ல?"

"தெரியும். வரட்டும்."

டீச்சர் என்னைப் பார்த்தார்கள், நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி. அந்த ஆர்டரை நம்பித்தானே எங்கள் அடுப்பு எரிகிறது. ஆனால் காலையில் ஜெபத்தில் நான் கேட்டது அந்தப் பிள்ளைக்காக. சாயங்காலம் வந்து, அதை இவர் செலவில் செய்ய வேண்டாம் என்று கடவுளிடம் பேரம் பேச முடியுமா? "எழுதுங்க டீச்சர்" என்றேன்.

"நல்ல ஜோடிதான்" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்கள். சிரிப்பும் வந்துவிட்டது அவர்களுக்கு. "ஏழு மணிக்கு நானும் வர்றேன்."

அதன் பிறகு இருபத்து நாலு வீடு. ஆளுக்குப் பாதித் தெரு பிரித்துக்கொண்டோம். "காலையில ஏழு மணிக்குப் புள்ளையை அனுப்புங்க, மறுபடியும் கண்ணு பார்க்கறாங்க." பெரும்பாலும் சரி என்றார்கள். ஒரு வீட்டில் மட்டும் பையன் அழுதான். கண்ணாடி போட்டால் பெரிய ஆபீசர் மாதிரி இருப்போம் என்று இரண்டு நாளாகக் கனவு கண்டுகொண்டிருந்தானாம்.

தையல்காரி வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"ஒரு தடவை நல்லா இருக்குன்னீங்க. இப்போ திரும்பப் பார்க்கணும்னு வர்றீங்க. என் பொண்ணுக்குக் கண்ணாடி மாட்டியே தீரணும்னு உங்களுக்கு என்ன வேண்டுதலா?"

"அந்தச் சீட்டு பொய்ச் சீட்டும்மா. தப்பு என்னுது. அட்டையை நான்தான் தலைகீழா மாட்டினேன்."

"நீங்களா? காலண்டர் ஆணிக்கே நூல் பிடிக்கிற ஆளு நீங்க!"

"நேராத்தான் மாட்டினேன். தலைகீழா, நேரா."

மிஷின் நின்றது. தையல்காரிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. இவர் கரி அட்டையை எடுத்து வாசல் கதவில் சாய்த்து வைத்தார்.

"பராக்கு, இங்க வந்து மிஷின்கிட்ட நில்லு. இது புது அட்டை. பாட்டு வேண்டாம். நான் விரலை எங்க வைக்கிறேனோ அது எந்தப் பக்கம் பார்க்குதுன்னு சொல்லு." அட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தார்.

பிள்ளை கண்ணைச் சுருக்கினாள். கழுத்தை முன்னால் நீட்டினாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "மேல...?" என்றாள், ஏலத்தில் விலை கேட்கிற மாதிரி. இவர் தலையை ஆட்டவில்லை. "வலது...? கீழ...?"

தையல்காரி எழுந்து மகள் பக்கத்தில் வந்து நின்று, அவள் உயரத்துக்குக் குனிந்து, கதவைப் பார்த்தாள். அவளுக்கு ஐந்து சீப்பும் பளிச்சென்று தெரிந்திருக்கும். மகளின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, "ஏழு மணிக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு இருபத்து மூன்று பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வராத ஒருவனை இவரே போய்ப் படுக்கையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை வரிசை வெளியே. கதவு சாத்தியாச்சு. ஒருவர் வந்த பிறகுதான் அடுத்தவர். வந்தவர்கள் நேரே மைதானத்துக்குப் போக வேண்டும், வரிசைப் பக்கம் தலை காட்டக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பெண் எழுந்து போய் அட்டையைத் திருப்பினாள். பெரிய டீச்சர் பேரேடு எழுதினார்கள். நான் கதவுக்குக் காவல். வக்கீல் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து, "இப்போ ஒத்துக்கிட்டாங்க!" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஓடினாள்.

பராக்கு உள்ளே போனபோது அவள் அம்மாவும் கூடப் போனாள். கதவிடுக்கில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை கண்ணை மூடிய கையை எடுக்காமல், பழக்க தோஷத்தில், "மேல, வலது, வலது" என்று ஆரம்பித்தாள்.

"பாட்டு வேண்டாம்டா கண்ணு" என்றார் இவர், குச்சியை வைத்துக்கொண்டு. "மாமா குச்சி வைக்கிற இடத்துல என்ன இருக்கு? அதை மட்டும் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. யாரும் திட்ட மாட்டாங்க."

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அங்க ஒண்ணுமே இல்லையே மாமா. வெறும் வெள்ளை அட்டைதானே?"

எங்களவருக்குக் குச்சி பிடித்த கை இறங்கிவிட்டது. தையல்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எத்தனை நாளா இப்படி? ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேம்மா. எல்லாரும் மனப்பாடம்தான் பண்றாங்கன்னு நினைச்சேன்."

மொத்தம் ஐந்து பேருக்குப் பார்வைக் குறை. அதில் நாலு பேர் முதல் தடவை 'பார்வை நன்று' சீட்டு வாங்கினவர்கள். வெள்ளிக்கிழமை வேனில் அந்த ஐந்து பேர் போனார்கள். ஆபீசர் கனவு கண்ட பையனையும், அழுகிற அழுகை தாங்காமல் ஒரு ஓரத்தில் ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணும் தன் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொல்லி, புதன்கிழமை போன பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போய் வந்தாள்; எங்கள் பள்ளிக்கூடத்து மற்ற இரண்டு வகுப்புகளையும் பிறகு ஒருநாள் வந்து திரும்பப் பார்த்தாள். அவள் புது அட்டை வாங்கியதும் எங்களவரிடம் காட்டினாளாம். இவர் கேட்டு வாங்கி, ஒரு ஓரத்தில் பெயிண்டால் 'மேல்' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தார்.

மெமோ வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். நாலே வரியில் எழுதினார். கிழிந்த ஓரம் கீழே போகட்டும் என்று நினைத்தேன், அது தலைகீழ் என்று அப்போது தெரியவில்லை, தெரிந்ததும் சொன்னேன், இனி கேட்டுவிட்டு மாட்டுவேன். அவ்வளவுதான். ஆர்டர் அந்த வருஷம் ஒன்றரை மாசம் தாமதமாகத்தான் வந்தது. அந்த ஒன்றரை மாசமும் நாங்கள் கொஞ்சம் சிக்கனமாக இருந்தோம், கொஞ்சம் அதிகமாக ஜெபித்தோம். இவர் ஒருநாள்கூட மணி அடிக்கப் போகாமல் இருக்கவில்லை.

தையல்காரி நிறுத்துகிற பேச்சை எடுக்கவே இல்லை. என் ரவிக்கையை மட்டும் ஒரு வாரம் தாமதமாகக் கொடுத்தாள். கேட்டால், "சாயங்காலம் புள்ளையைப் படிக்க உட்கார வைக்கணும்க்கா. ஒரு வருஷப் பாடம் பாக்கி கிடக்கு" என்றாள். கண்ணாடிக்கு அவளே மிச்சத் துணியில் ஒரு உறை தைத்து, பின்னால் கயிறும் கோத்துக் கொடுத்திருந்தாள். சோடாப்புட்டி என்று சொன்ன பையனுக்கு வக்கீல் என்ன பதில் கொடுத்தாள் என்பதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கண்ணாடி வந்த மூன்றாம் நாள் எங்களவர் வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னைக்கு எனக்குச் சரியான திட்டு" என்றார்.

"யாரு, பெரிய டீச்சரா?"

"பராக்கு. இடைவேளை மணி அடிச்சுட்டுத் திரும்பறேன், இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நிக்கிறா. 'மாமா, ரெண்டு நிமிஷம் லேட்டு'ங்கிறா."

"நிஜமாவே லேட்டா?"

"திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ரெண்டு நிமிஷம் லேட்டுதான்" என்றார் அவர்.